கடைசி ஏழு வரிகள்

கட்டுரையில் ஒரு வரி கூடியிருந்தது.

வேறு யாருடைய கண்ணிலும் அது பட்டிருக்காது. அண்ணன் வீட்டின் பின்பக்கத்து ஷெட்டில், ஈரம் படாமலிருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பின்னால் வெள்ளை அட்டை முட்டுக்கொடுத்து, ஆணியில் மாட்டியிருந்த ஒற்றைப் பத்திச் செய்தித் துண்டு அது. ஆனால் அவள் பதினெட்டு வருடமாகப் பத்திரிகையில் பக்கம் திருத்துகிறவள். நாலடி தள்ளி நின்று பார்த்தே ஒரு பத்தியில் இத்தனை வரி என்று சொல்லிவிடுவாள். அலுவலகத்தில் டீக்குப் பந்தயம் கட்டி அவளைச் சோதித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எதையும் இரக்கமில்லாமல் குறைக்கிறவள் என்பதால் அங்கே அவளுக்குக் 'கத்தரி' என்று பெயர். அந்தப் பெயர் எப்படியோ வீடுவரை வந்து, அண்ணனும் அண்ணியும்கூட அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

இந்தக் கட்டுரை தொண்ணூற்று நான்கு வரி. அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அதைத் தொண்ணூற்று நான்காக்கியவளே அவள்தான்.

இப்போது தொண்ணூற்றைந்து இருந்தது.

கையிலிருந்த ஈரத்துண்டைக் கொடியில் போட்டுவிட்டுக் கிட்டே போய், நகத்தால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினாள். தொண்ணூற்று நாலாவது வரி அச்சில் வந்தபடியே, 'உடலும் மனமும் ஒருசேரப் புத்துணர்வு பெறும்' என்று முடிந்தது. அதன் கீழே, அதே எழுத்தில், அதே மையில், இன்னொரு வரி இருந்தது.

'எல்லோருக்கும் இது பொருந்தாது.'

அவளுக்குப் பின்னால், மூடிய டீப் ஃப்ரீசருக்குள் தண்ணீர் ஒரு தடவை மெல்ல அலம்பியது. யாரோ உட்கார்ந்த வாக்கிலேயே கால் மாற்றிப் போட்டதுபோல.

"கத்தரி, டீ ஆறுது!" என்று சமையலறையிலிருந்து அண்ணி கூப்பிட்டாள்.

"வந்துட்டேன் அண்ணி," என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக வெளியே வந்தாள்.

அண்ணன் இறந்து அன்றைக்குப் பதினெட்டு நாள். இரண்டு வாரம் அண்ணிக்குத் துணையாக இருக்கலாமென்று பெட்டியோடு வந்திருந்தாள். காலையில் அண்ணி பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அங்கே அவள் நூலகர். இவள் அலுவலகத்துக்குப் போவாள். மாலையில் இருவரும் வீடு திரும்பி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். முப்பது வருடம் ஊரார் வீட்டுக் குளிர்பெட்டிகளின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தே காலம் தள்ளியவர். ஷெட்டில் பாதியைப் பலகை அடித்து மறைத்து, மின்சார அடுப்பும் அதன் மேல் கற்களும் இரண்டு படி பெஞ்சும் வைத்து, அதைச் சூட்டறை ஆக்கினார். பெரிய ஹோட்டல்களில் சானா என்று சொல்வார்களே, அதுதான். அதன் கதவுக்கு எதிரிலேயே, ஐஸ்கிரீம் கடையொன்றில் கழித்துப்போட்ட டீப் ஃப்ரீசரைக் கொண்டுவந்து போட்டு, மூலை முடுக்கெல்லாம் பசை பூசி அடைத்து, தண்ணீர் நிரப்பி, எட்டு டிகிரிக்குக் கீழே போகாதபடி வயரிங்கை மாற்றினார். அது அவருடைய குளிர்தொட்டி. பக்கவாட்டில் ஐஸ்கிரீமை நக்கும் குழந்தையின் படம், பாதி உரிந்து, நாக்கு மட்டும் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுல வெச்சது எதுவும் கெட்டுப்போனதா சரித்திரமே இல்ல கத்தரி. நானும் கெட்டுப்போக மாட்டேன் பாரு," என்று போனில் சிரித்தார். படம் எடுத்து அனுப்பினார். அவள் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாள்.

அந்தக் கட்டைவிரல் இன்னும் அவள் கைபேசியில் இருக்கிறது.

அண்ணன் செய்ததெல்லாம் அந்தக் கட்டுரையில் இருந்தபடிதான். பதினைந்து நிமிடம் சூட்டில், உடனே இரண்டு நிமிடம் குளிர்நீரில். ரத்த ஓட்டம் சீராகும், தசை வலி குறையும், தூக்கம் நன்றாக வரும், மனச்சோர்வு விலகும் என்று நன்மைகளை அழகாக அடுக்கிக்கொண்டே போயிருந்தார் எழுதிய டாக்டர். சுகாதாரப் பக்கத்துக்குப் பொறுப்பு அவள்.

செய்தி நீண்டுவிட்டால் கீழிருந்து வெட்டுவது பத்திரிகைக்காரர்களின் கைப்பழக்கம். நிருபர்கள் முக்கியமானதை மேலே வைத்து, இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பதைக் கீழே வைப்பார்கள். டாக்டர்கள் அப்படி எழுதுவதில்லை. நல்லதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, எச்சரிக்கையைக் கடைசியில் வைப்பார்கள். அது அவளுக்குத் தெரியும். அன்று மாலை பக்கம் முடிகிற நேரத்தில் விளம்பரம் ஒன்று சொன்ன உயரத்தைவிடக் கூடுதலாக வந்தது. "அக்கா, ஏழு வரி போகணும்," என்றான் பக்கம் வடிவமைப்பவன். திரையில் பார்த்தாள். கடைசிப் பத்தி சரியாக ஏழு வரி, அளவெடுத்துத் தைத்ததுபோல. படிக்காமல் வெட்டியிருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும். படித்துவிட்டுத்தான் வெட்டினாள்.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். "மேடம், கடைசிப் பாராவைக் காணோமே?"

"இடம் பத்தலை டாக்டர். அடுத்த வாரம் தனியா ஒரு பெட்டிச் செய்தியாப் போட்டுடறேன்."

அடுத்த வாரம் கொசுவைப் பற்றிக் கட்டுரை வந்தது. அதற்கடுத்த வாரம் மூட்டுவலி. அவள் மறந்துபோனாள்.

அண்ணனுக்கு ரத்த அழுத்தம். ஆறு வருடமாக மாத்திரை. வீட்டிலேயே அழுத்தம் பார்க்கிற கருவியை அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எல்லாரும் என்னைக் கேட்டாங்க. இந்த வயசுல இவருக்கு எதுக்குங்க இந்த வேலைன்னு. நான் சொன்னேன், அவர் கண்டதைப் பார்த்துச் செய்யல, தங்கச்சியோட பேப்பர்ல வந்ததுன்னு."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே பேச்சை மாற்றினாள்.

"தொட்டித் தண்ணியை இன்னும் திறந்து விடலையா அண்ணி?"

"விடல."

"பதினெட்டு நாளாச்சு."

"ஆகட்டும்." அண்ணி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வேற யார்கிட்டயும் சொல்லல. அவர் தொட்டில உட்கார்ந்து சத்தமா எண்ணுவாரு, நூத்திருபது வரைக்கும். குளிர்ல நடுங்கிக்கிட்டே எண்ணறதைக் கேட்டா எனக்குச் சிரிப்பா வரும். நான் இங்க பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேப்பேன். அன்னிக்கு எழுபத்தொண்ணு கேட்டுது. அதுக்கப்புறம் கேக்கல. குழாய்ச் சத்தத்துல கேக்கலன்னு நினைச்சேன் கத்தரி. குழாயை மூடிட்டு ஒரு நிமிஷம் காது கொடுத்திருந்தா போதும். நான் மூடல. எல்லாப் பாத்திரத்தையும் தேய்ச்சு முடிச்சேன்."

"உங்க தப்பில்ல அண்ணி."

"அப்ப யார் தப்பு?"

கேள்வி மேஜைமேல் கிடந்தது. எட்டிக் கையை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும், இந்த மனுஷி இன்று ராத்திரி தூங்குவாள். அவள் எழுந்து தட்டைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்த கை, உடனே அதை மூடியது.

மறுநாள் மாலை அவள் முதலில் வீடு வந்தாள். போகக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஷெட்டுக்குப் போனாள். மூன்று வாரமாக அடுப்புப் போடாத சூட்டறையிலிருந்து, அப்போதுதான் அணைத்ததுபோலச் சுட்ட பலகை வாசனையும், காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே அந்த மண்வாசனையும், அதற்கு அடியில் அண்ணனின் வியர்வை நெடியும் கசிந்துகொண்டிருந்தன. மேற்கு ஜன்னலின் தூசிக் கண்ணாடி வழியே விழுந்த சாயங்கால வெளிச்சம் தொட்டியின் மூடியில் மஞ்சளாகக் கிடந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பிலிருந்து மெல்ல மெல்லச் சாம்பலாகிக்கொண்டிருந்தது. தொட்டியின் மின்கம்பி சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் சுருண்டு கிடந்தது. அதை இரண்டு தடவை பார்த்து உறுதிசெய்துகொண்டாள். பிறகு கட்டுரையைப் பார்த்தாள்.

தொண்ணூற்றேழு.

'எல்லோருக்கும் இது பொருந்தாது. இதய நோய் உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை'

அந்த இடத்தில் வரி உடைவதுகூட அன்று திரையில் பார்த்ததுபோலவே இருந்தது.

பயம் எப்படி வருமென்று அவள் படித்திருக்கிறாள், அதைப் பற்றியும் ஒரு கட்டுரை திருத்தியிருக்கிறாள். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும் என்று அதில் இருந்தது. அவளுக்கு வந்தது அதுவல்ல. திருடும்போது கையும் களவுமாகப் பிடிபட்டவளின் கூச்சம்தான் வந்தது. வாசல்பக்கம் திரும்பிப் பார்த்தாள். இன்னும் நாலு வரி வந்துவிட்டால் முழுசும் வந்துவிடும். அண்ணி தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முக்காலி போட்டு இதன்முன் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒருமுறை படிக்கிறவள். புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்திருந்தால் தடவியே கண்டுபிடித்துவிடுகிறவள். இதைப் பார்த்தால் கேட்பாள். கேட்டால்?

தையல் பெட்டியில் கத்தரிக்கோல் இருந்தது. தாளை உறையிலிருந்து உருவினாள். அது ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுபோலச் சில்லிட்டிருந்தது. தொண்ணூற்று நாலாவது வரிக்குக் கீழே, பழகின கை, ஒரே இழுப்பில் நேராக வெட்டியது. மூன்று வரித் துண்டைச் சுருட்டிக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அது சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் உள்ளே போயிற்று.

அண்ணி வந்தாள். முக்காலி போட்டாள். படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று ராத்திரி தான் நன்றாகத் தூங்கிவிட்டதைத்தான் பிறகு அவளால் தாங்க முடியவில்லை.

அதற்கடுத்த நாள் ஐந்து வரி. வெட்டினது திரும்பி வந்து, கூட இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. தாளின் கீழ் விளிம்பு ஈரமாக இருந்தது. வெட்டியபோது கத்தரிக்கோலின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, கீழே விழாமல் தொங்கியது. அந்தத் துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தெருமுனைக் குப்பைத் தொட்டிவரை நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

அலுவலகத்தில் பக்கம் வடிவமைப்பவன் உற்சாகமாக இருந்தான். "அக்கா, உங்க சானா கட்டுரைக்கு இன்னும் கடிதம் வருது. ஒருத்தர் எழுதியிருக்காரு, ரெண்டு மாசமா குறட்டையே இல்லயாம், பொண்டாட்டி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்களாம்."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள்.

"அந்தக் கடைசிப் பாராவை இந்த வாரம் போட்டுடலாமா?" என்று அவள் கேட்டாள்.

"எந்தப் பாரா?"

அவனுக்கு நினைவே இல்லை. உலகத்தில் அந்த ஏழு வரி நினைவிருப்பது டாக்டருக்கும் அவளுக்கும் மட்டும்தான். இந்த வாரம் போட்டால் அண்ணி வீட்டுக்கும் பேப்பர் வரும். "ஒண்ணுமில்ல, விடு," என்றாள்.

நாலாம் நாள் பள்ளிக்கு விடுமுறை. அண்ணி நாள் முழுக்க வீட்டிலேயே இருந்ததால் ஷெட்டுக்குள் தனியாகப் போக முடியவில்லை. மாலையில் அண்ணி முன்னால் போக, அவள் பின்னாலேயே போய்க் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அன்று தாளில் எத்தனை வரி என்று அங்கிருந்தே தெரிந்தது. தொண்ணூற்று நான்கு. அண்ணி பார்க்கிறபோது அது வரவில்லை. யாருக்காக வருகிறது என்பது அப்போது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. தன்னைக் குத்திக் காட்டத்தான். வேறு எதற்காகவும் வரலாம் என்று தோன்றவேயில்லை.

அண்ணி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "கத்தரி, இதைப் பொம்பளைங்களும் செய்யலாமா?"

"எதை?"

"இதைத்தான். சூட்டுல உட்கார்ந்துட்டு, தண்ணில இறங்கறது."

"உங்களுக்கு எதுக்கு அண்ணி அதெல்லாம்?"

"எழுபத்தொண்ணுல என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும்."

அண்ணி அதை நூலகத்தில் ஒரு புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அண்ணிக்கு இப்போது அழுத்தம் ஏறியிருந்தது. போன வாரம்தான் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தாள், அண்ணன் போட்டுக்கொண்ட அதே மாத்திரை. காலையில் அதைப் போட்டுக்கொள்ள நினைவுபடுத்துவதே இவள்தான்.

"வேண்டாம் அண்ணி."

"ஏன், இதுல எல்லாம் நல்லதுதானே போட்டிருக்கு? தூக்கம் வருமாம். மனச்சோர்வு போகுமாம். நான் தூங்கி மூணு வாரமாச்சு." அண்ணி உறையைத் தட்டினாள். "செய்யக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா? சொல்லு. நான் தேடித் தேடிப் பார்த்துட்டேன்."

இப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. நாக்கின் நுனியில் அந்த முதல் வரியின் குளிர்ச்சிகூடப் பட்டது. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, 'உனக்கு எப்படித் தெரியும்' என்பதுதான். அதற்கடுத்தது, 'அப்ப ஏன் அவர்கிட்ட சொல்லல'.

"குளிர் காலம் வருது அண்ணி. சளி பிடிக்கும்," என்றாள்.

அண்ணி சிரித்துவிட்டாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. "போடி. சளிக்குப் பயந்தவளைப் பாரு."

ஐந்தாம் நாள் காலை அண்ணி குளித்துக்கொண்டிருந்தபோது ஷெட்டுக்குள் நுழைந்தாள். கதவைத் திறந்ததுமே தெரிந்தது. உறைக்குள் தண்ணீர் கோத்திருந்தது. தாள் நனைந்து, கனத்து, ஆணியை வளைத்து இழுத்துக்கொண்டிருந்தது. ஏழு வரியும் வந்திருந்தன, மற்ற எழுத்தைவிடக் கருப்பாக, மை இன்னும் காயாமல்.

'எல்லோருக்கும் இது பொருந்தாது. இதய நோய் உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குளிர்நீரில் இறங்கக் கூடாது. யாராக இருந்தாலும் தனியாக ஒருபோதும் இறங்க வேண்டாம்.'

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அண்ணியின் காலடி.

அவள் வெட்டினாள். இந்தத் தடவை தாள் எளிதில் வெட்டுப்படவில்லை. ஈரத்தோலை வெட்டுவதுபோலக் கத்தரிக்கோல் நழுவி நழுவிக் கடித்தது. பின்னால் தொட்டிக்குள் தண்ணீர் அடித்துக்கொண்டது, ஒரு தடவை, இரண்டு தடவை, மூடியின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையால் தட்டுவதுபோல. திரும்பிப் பார்க்காமல் வெட்டினாள். துண்டைக் கசக்கிக் கைப்பைக்குள் திணித்தாள். தட்டல் நின்றது. விட்டுவிட்டதுபோல நின்றது.

"என்னடி, காலங்கார்த்தால இங்க?" அண்ணி தலையைத் துவட்டியபடி வாசலில் நின்றாள்.

"துண்டு எடுக்க வந்தேன் அண்ணி."

அன்று மாலை பக்கம் முடிக்கிற வேலை இழுத்தது. ஐந்தரைக்குக் கைப்பையைத் திறந்தபோது உள்ளே எல்லாம் நனைந்திருந்தது. சாவி, சீப்பு, அடையாள அட்டை. கசக்கிப்போட்ட துண்டு தானாகப் பிரிந்து, அடையாள அட்டையின் மேல், அவள் முகத்தின் மேல், படுத்துக் கிடந்தது. ஆறு வரி அழிந்து கருங்கறையாகியிருந்தது. ஒன்று மட்டும் படிக்கும்படி இருந்தது.

ஒருபோதும் இறங்க வேண்டாம்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வரிகள் வந்தது அவளைக் குத்திக் காட்ட அல்ல. அவளைத் திட்ட வந்ததாக இருந்தால் எப்போதோ திட்டியிருக்கலாம். அவை அண்ணிக்கு வந்தவை. தங்கச்சி கண்ணில் பட்டால் அவள் அண்ணியிடம் எடுத்துச் சொல்வாள் என்று நம்பி, நாளுக்கு இரண்டு வரியாக, அண்ணனால் முடிந்த வேகத்தில் வந்தவை.

போனில் அண்ணியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. கூடத்தில் விளக்கு இல்லை. சமையலறையில் குழாய் மூடியிருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சத்தமே இல்லாத அந்தச் சமையலறையில் நின்றபோது, பின்பக்கத்திலிருந்து, ஷெட்டின் சுவரையும் வீட்டின் சுவரையும் தாண்டி, நடுங்கிக்கொண்டே ஒரு குரல் எண்ணுவது கேட்டது.

"ஐம்பத்தேழு... ஐம்பத்தெட்டு..."

அண்ணியின் குரல்.

ஓடினாள். ஷெட்டில் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு ஆவி. சூட்டறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது, உள்ளே கற்கள் சிவந்திருந்தன. முக்காலியின் மேல் அண்ணியின் மூக்குக்கண்ணாடி, மடித்து வைத்தபடி. பக்கத்தில் அந்தத் தாள். தொண்ணூற்று நான்கு வரி. காலையில் அவள் விட்டுவைத்தபடியே, சுத்தமாக, நேராக.

தொட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மின்கம்பி தரையில் சுருண்டு கிடந்தது.

மூடி மூடியிருந்தது.

"அறுபத்தொன்பது..." மூடிக்கு அடியிலிருந்து. "எழுபது..."

"அண்ணி! எந்திரிங்க! அண்ணி!"

"எழுபத்தொண்ணு."

நின்றது.

இரண்டு கையாலும் மூடியைத் தூக்கினாள். வரவில்லை. குளிர்பெட்டியை மூடியதும் உள்ளே காற்று சுருங்கிக் கொஞ்ச நேரம் மூடியைப் பிடித்துக்கொள்ளும் என்று அண்ணன் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம்தான். பொறுத்தால் விட்டுவிடும். பொறுக்க நேரமில்லை. விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். நகம் பிய்ந்தது. ரப்பர் வாய் இறுகியிருந்தது. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் மட்டும்.

அவள் மூடியின் மேல் கவிழ்ந்து படுத்தாள். கன்னம் உலோகத்தில் ஒட்டியது.

"எல்லோருக்கும் இது பொருந்தாது," என்றாள்.

குரல் வரவில்லை. மறுபடியும் சொன்னாள், கத்திச் சொன்னாள்.

"இதய நோய் உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குளிர்நீரில் இறங்கக் கூடாது. கேக்குதா அண்ணி? யாராக இருந்தாலும் தனியாக... தனியாக ஒருபோதும்... அது அதுல இருந்தது அண்ணி. நான்தான் வெட்டினேன். ஏழு வரி. படிச்சுட்டுத்தான் வெட்டினேன். உங்க தப்பில்ல. குழாய் தப்பில்ல. நான்தான். நான்தான் அண்ணி."

மோட்டார் நின்றது.

அமைதி.

பிறகு, மூடிக்கு அடியில், அவள் காதுக்கு நேர் கீழே:

"எழுபத்திரண்டு."

இரண்டு குரல்.

அவள் பின்னால் சரிந்து விழுந்தாள். ரப்பர் பெருமூச்சு விட்டது. மூடி எழுந்தது. உள்ளிருந்து எழுந்தது, அவசரமில்லாமல். குளிர் வெளியே வழிந்து, தரையில் ஆவியைத் தள்ளிக்கொண்டு அவள் முழங்கால்வரை வந்தது.

அண்ணன் கட்டிய தொட்டி அது. ஒருவரே முழங்காலை மடக்கித்தான் அதில் உட்கார முடியும்.

இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணியின் உதடு நீலமாக இருந்தது. முகத்தில் கோபமே இல்லை. அண்ணனுக்கு முகம் என்று அதிகம் மிச்சமில்லை. இருபத்திரண்டு நாள் தண்ணீரில் ஊறிய வெள்ளை. ஆனாலும் இருவரும் அவளைப் பார்த்த பார்வை, சாப்பாட்டு நேரத்துக்குத் தாமதமாக வீடு வந்தவளைப் பார்க்கிற பார்வைதான்.

அண்ணி ஒரு பக்கமாக ஒதுங்கினாள். அண்ணன் மறுபக்கம் ஒதுங்கினார். தண்ணீர் விளிம்பில் தளும்பி, அடங்கியது.

நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். தோல் கையுறைபோலக் கழன்று மிதந்த கையால், அந்த இடத்தை அண்ணன் மெதுவாகத் தட்டிக் காட்டினார்.